கட்டுத்தறியிலேயே நிற்கும் கறவை மாட்டுக்கு முதலில் என்ன வேண்டும்?

நாமக்கல் பக்கம் எட்டுக் கலப்பினப் பசுக்கள் வைத்திருக்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: சிமெண்ட் தளமும் தகரக் கூரையும் உள்ள கொட்டகையில் மாடுகள் இரவு பகலாகக் கட்டுத்தறியிலேயே நிற்கின்றன, மேய்ச்சலுக்கு நிலம் இல்லை. பாதி மாடுகளுக்கு முன்னங்கால் முட்டி வீங்கியிருக்கிறது. பங்குனி பிறந்ததும் பால் இறங்கிவிடுகிறது, சினையும் சரியாகப் பிடிப்பதில்லை. கையிலுள்ள பணத்துக்கு ரப்பர் பாய் வாங்குவதா, மின்விசிறி மாட்டுவதா, பனிபோல் நீர் தெளிக்கும் குழாய் போடுவதா?

இந்த மூன்றையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்பதே என் பதில். முதலில் படுக்கை, அடுத்தது கயிறு, அதன்பின் தண்ணீர், பிறகு கூரை. இந்த நான்கும் சரியானால்தான் மின்விசிறிக்குச் செலவழிக்கும் பணம் பயன் தரும். மேயப் போகும் மாடு வெயில் ஏறினால் தானே மர நிழலுக்குப் போகும், தாகம் எடுத்தால் குட்டைக்குப் போகும், ஈரத்தை விட்டு மேட்டில் படுக்கும். கட்டிப் போட்ட மாட்டுக்கு இவற்றில் எதையும் தானாகச் செய்துகொள்ள வழியில்லை. அது தேடிப் போயிருக்கக்கூடிய ஒவ்வொன்றையும் அது நிற்கும் நான்கடி அகலத்துக்குள் நாம் கொண்டுவந்து தர வேண்டியிருக்கிறது. எனவே நம் வசதிக்காகச் செய்யப்படும் ஏற்பாடு எது, மாட்டுக்காகச் செய்யப்படும் ஏற்பாடு எது என்பதைப் பிரித்துப் பார்த்தே செலவு செய்ய வேண்டும்.

ஒரு கறவைப் பசு நாளொன்றுக்குப் பத்து முதல் பதினான்கு மணி நேரம் படுத்திருக்க விரும்புகிறது. அதைத் தொடர்ந்து படுக்காமல், ஒரு நாளில் பத்துத் தடவைக்கு மேல் படுத்து எழுந்து பிரித்து எடுத்துக்கொள்கிறது. அசை போடுவதில் பெரும்பகுதி அந்த நேரத்தில்தான் நடக்கிறது. படுத்திருக்கும்போது மடிக்குப் போகும் இரத்த ஓட்டம் கூடுகிறது. குளம்புகளுக்கும் அப்போதுதான் ஓய்வு கிடைக்கிறது. தீவனமும் படுக்கையும் சில மணி நேரம் கிடைக்காமல் வைத்திருந்து பிறகு இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால், பசியோடு இருக்கும் மாடுகூட முதலில் படுக்கத்தான் போகிறது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தீவனத்துக்குக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் நாம் படுக்கையை ஒரு செலவினமாகவே நினைப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம்.

சிமெண்ட் தரை மாட்டுக்கு ஏன் ஆகாது என்பது, அது படுத்து எழுவதைக் கிட்ட நின்று பார்த்தால் விளங்கும். படுக்கும்போது பசு முதலில் தலையைத் தாழ்த்தித் தரையை முகரும், பிறகு முன்னங்கால்களை மடித்து இரண்டு முட்டிகளின் மேலும் இறங்கும், அதற்குப் பின்புதான் பின்பக்கத்தைச் சாய்க்கும். நானூறு கிலோ மாட்டின் முன்பாதி எடை கடைசி அரையடி உயரத்தில் ஏறக்குறைய விழுவதுபோலத்தான் முட்டிகளின் மேல் இறங்குகிறது. எழும்போது இந்த வரிசை தலைகீழாகிறது: தலையையும் கழுத்தையும் முன்னால் எக்கி, முட்டிகளில் எடையைத் தாங்கிக்கொண்டு, முதலில் பின்பக்கத்தைத் தூக்கும்; அதன்பின் முன்னங்கால்களை ஒவ்வொன்றாக ஊன்றி நிற்கும். ஒரு நாளில் இத்தனை முறை சொரசொரப்பான சிமெண்டில் முட்டியை ஊன்றினால் முதலில் மயிர் உதிரும், அடுத்துத் தோல் தடித்துக் காய்ப்பு ஏறும், பிறகு மூட்டின் முன்புறம் நீர் கோத்து எலுமிச்சை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை வீங்கும். உங்கள் மாடுகளுக்கு வந்திருப்பது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். அந்த வீக்கத்தை ஊசி போட்டு உறிஞ்சவோ கீறிவிடவோ யாரையும் அனுமதிக்காதீர்கள். உள்ளே கிருமி போய்ச் சீழ் பிடித்தால் மூட்டே கெட்டுவிடும். மாடு நொண்டினாலோ, வீக்கம் சூடாக இருந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி மெத்தென்ற படுக்கை கிடைத்தால் சிறிய வீக்கங்கள் மெல்ல வற்றும். பழையதாகி இறுகிப்போனவை அப்படியே நின்றாலும் மேற்கொண்டு பெருகுவதில்லை.

உங்கள் தரை எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. மாடு படுக்கும் இடத்தில் நின்றபடியே சட்டென்று முழங்காலிட்டு இறங்கிப் பாருங்கள். இறங்கத் தயக்கமாக இருந்தால் மாட்டுக்கும் அப்படித்தான் இருக்கும். அப்படியே அரை நிமிடம் முழங்காலிட்டிருந்து எழுந்து வேட்டியைப் பாருங்கள். துணி நனைந்திருந்தால் அந்த இடம் படுக்கத் தகுதியற்றது. ஈரத்தை மாடுகள் எவ்வளவு வெறுக்கின்றன என்பதைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்து 2007இல் வெளியிட்டார்கள். உலர்ந்த மரத்தூள் படுக்கையில் நாளுக்கு 13.8 மணி நேரம் படுத்த மாடுகள், அதே மரத்தூள் ஈரமாக இருந்தபோது 8.8 மணி நேரம்தான் படுத்தன. ஐந்து மணி நேர ஓய்வை வெறும் ஈரமே பறித்துவிட்டது. நாளுக்கு இரண்டு மூன்று தடவை கொட்டகையைத் தண்ணீர் விட்டுக் கழுவுவதைச் சுத்தம் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். கழுவிய தரை காய்வதற்குள் மாட்டை அதிலேயே கட்டினால், அந்தச் சுத்தத்தால் மாட்டுக்கு நன்மையைவிடத் துன்பமே அதிகம். சாணத்தை வழித்து எடுங்கள். கால்வாயை மட்டும் கழுவுங்கள். படுக்குமிடத்தில் தண்ணீர் ஊற்றுவதைப் பால் கறக்கும் வேளையோடு நிறுத்திக்கொண்டு, மாடு தின்றுகொண்டு நிற்கும் அந்த நேரத்திலேயே அது உலரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

படுக்கைப் பொருள்களில் மணலுக்கு நிகர் வேறில்லை. அது உடம்புக்கு ஏற்பக் குழிந்து கொடுக்கிறது, சூட்டைத் தேக்குவதில்லை, கிருமிகள் தின்று பெருக அதில் எதுவும் இல்லை. ஆனால் ஆற்று மணல் விற்கும் விலையில் மாட்டுக்கு அரையடி மணல் பரப்பச் சொல்வது நியாயமாகாது. உங்கள் வட்டாரத்தில் எளிதாகக் கிடைப்பது எது என்று பாருங்கள். தென்னை நார்க்கழிவு நன்றாக ஈரம் உறிஞ்சும், மெத்தென்று இருக்கும், பின்னால் நல்ல எருவாகவும் ஆகும். கரும்புத் தோகை, நறுக்கிய வைக்கோல், நிலக்கடலைத் தோல், மாடு தின்னாமல் ஒதுக்கும் சோளத்தட்டின் அடிக்கட்டை, இவையும் உதவும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: இவையெல்லாம் மக்கும் பொருள்கள். சாணமும் மூத்திரமும் கலந்தால் ஒரே நாளில் கிருமி பெருகி மடிநோய்க்கு வழிவிடும். பின்காலும் மடியும் படும் பின்பகுதியை நாள்தோறும் எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும். முன்பகுதியைக் கிளறிவிட்டால் போதும். பரப்பியது கால்வாயில் சரியாமல் இருக்க, படுக்குமிடத்தின் பின் விளிம்பில் ஒரு மரக்கட்டையையோ பழைய குழாயையோ குறுக்கே பதித்துவிடுங்கள். கறந்து முடித்த பின் காம்புத் துளை மூட அரைமணி நேரம் வரை ஆகும் என்பதால், கறந்தவுடன் பசுந்தீவனத்தைப் போட்டு மாடு அந்த நேரத்தில் நின்றிருக்கும்படி செய்வது நல்லது.

ரப்பர் பாயைப் பற்றி: சிமெண்டை விட அது மேல், சந்தேகமில்லை. ஆனால் சந்தையில் அதிகம் விற்பது விரல் தடிமன்கூட இல்லாத கெட்டிப் பாய். அது வழுக்கலைக் குறைக்கும், சில்லிப்பைக் குறைக்கும், முட்டியில் விழும் அடியைப் பெரிதாகக் குறைக்காது. பாய்க்கு அடியில் மூத்திரம் தேங்கினால் நாற்றமும் ஈயும் வந்து சேரும். வாங்குவதாக இருந்தால் தடிப்பானதாக, காலால் மிதித்தால் அமுங்குவதாகப் பார்த்து வாங்கி, அதன் மேலும் இரண்டு அங்குலம் நார்க்கழிவோ மரத்தூளோ பரப்புங்கள். என்னைக் கேட்டால், அந்தப் பணத்தில் படுக்குமிடத்தின் முன் முக்கால் பகுதி சிமெண்டை உடைத்தெடுத்துவிட்டு, கிராவல் கொட்டித் திமிசு போட்டு, அதன் மேல் படுக்கை பரப்புவதுதான் மேல் என்பேன். நம் பழைய தொழுவங்களில் மண் தரைதான் இருந்தது. சிமெண்ட் வந்தது கழுவுகிறவர் வசதிக்காக.

அடுத்து கயிறு. படுத்திருக்கும் பசு ஆழ்ந்து உறங்கும்போது கழுத்தை வளைத்து மூக்கைத் தன் விலாவில் சாய்த்துக்கொள்ளும். அந்த ஆழ்ந்த உறக்கம் நாளுக்குச் சிறிது நேரமே என்றாலும் படுத்தால்தான் அது வரும். உங்கள் கயிறு அதற்கு இடம் கொடுக்கிறதா என்று இன்றிரவே பாருங்கள். பல கொட்டகைகளில், பக்கத்து மாட்டின் தீவனத்தைத் தின்றுவிடும் என்று பயந்து, தீவனத் தொட்டியின் மேல் விளிம்பில் இருக்கும் வளையத்தில் இரண்டடிக் கயிற்றில் கட்டிவிடுகிறார்கள். படுத்தால் கழுத்து தொங்குகிறது. எழ நினைத்தால் எக்க இடமில்லை. மூக்கணாங்கயிற்றில் கட்டியிருந்தால் ஒவ்வொரு எக்கலும் மூக்கைச் சுண்டி இழுக்கிறது. அப்படிப்பட்ட மாடு தரையை முகர்ந்து, பின்கால்களை மாற்றி மாற்றி வைத்து, படுக்கப் போய்ப் படுக்காமல் நிமிடக்கணக்கில் நிற்பதைப் பார்க்கலாம். சில மாடுகள் குதிரையைப் போல முன்னங்காலை முதலில் ஊன்றி எழப் பழகிவிடும், சில நாயைப் போல உட்கார்ந்த நிலையிலேயே கொஞ்ச நேரம் இருக்கும். இவை மாட்டின் இயல்பு அல்ல. இடம் போதவில்லை என்று அது சொல்லும் விதம். கழுத்தில் அகலமான பட்டை போட்டு, வளையத்தைத் தரையை ஒட்டி அமைத்து, படுத்த நிலையில் மூக்கு விலாவைத் தொடும் நீளத்துக்குக் கயிறு விடுங்கள். தீவனச் சண்டைக்கு இரண்டு மாட்டுக்கு நடுவே ஒரு குறுக்குக் குழாய் போதும். தொட்டியின் மாட்டுப் பக்கச் சுவரை இரண்டரை அடி, மூன்றடிக்கு எழுப்பியிருந்தால் அதையும் குறைக்க வேண்டும். மாடு தலையை எக்குவது அந்த இடத்தில்தான். நிற்குமிடத்தின் நீளம் ஐந்தடிக்குக் குறைந்தால் பின்னங்கால் மூட்டு கால்வாய் விளிம்பில் உரசிப் புண்ணாகும். பெரிய எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு மாடுகளுக்கு ஐந்தரை அடி வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கம் மாட்டுக்குக் கடுமையானது. காலையில் இரண்டு வாளி, மாலையில் இரண்டு வாளி, அதுவும் தவிடும் புண்ணாக்கும் கரைத்து. பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். பத்துப் பன்னிரண்டு லிட்டர் கறக்கும் பசுவுக்குச் சாதாரண நாளில் அறுபது எழுபது லிட்டர் தேவைப்படும். சித்திரை வெயிலில் அது நூறை எட்டும். தாகம் எடுக்கும் நேரத்தை மாடுதான் அறியும். கறந்து முடித்ததும் தீவனம் தின்ற பின்னும் அது அதிகமாகக் குடிக்கும். எனவே ஒவ்வொரு மாட்டுக்கும் எட்டும்படி, இரவிலும் வற்றாத வெறும் தண்ணீர் இருக்க வேண்டும். மிதவை வால்வு வைத்த சிறு தொட்டி போதும். அதற்கு ஆகும் செலவு மற்ற எதையும்விட விரைவில் பாலாகத் திரும்பி வரும். தண்ணீர் வரும் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி மொட்டை வெயிலில் இருந்தால் பிற்பகலில் குடிக்க முடியாத சூட்டில் வரும். அதற்கும் ஒரு கீற்று நிழல் போடுங்கள். மாடு குடிக்கும் தொட்டியை வாரம் ஒரு முறை பாசி போகத் தேய்த்து உள்ளே சுண்ணாம்பு அடியுங்கள்.

இனி வெயில். எச்.எஃப். மாட்டின் பூர்வீகம் நெதர்லாந்தும் வடஜெர்மனியும். ஜெர்சி மாட்டின் பூர்வீகம் ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஒரு தீவு. வெப்பத்தையும் காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப ஈரப்பதக் குறியீடு 72ஐத் தாண்டினால் இந்த மாடுகளுக்கு வெப்ப அயர்ச்சி தொடங்கும் என்பது நெடுநாள் கணக்கு; நன்றாகக் கறக்கும் மாடுகளுக்கு 68இலேயே தொடங்குகிறது. 25 டிகிரி செல்சியசும் 50 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தாலே 72 வந்துவிடும். 35 டிகிரியில், அதே ஈரப்பதத்தில், அது 84ஐத் தாண்டும். 28 டிகிரியும் 80 விழுக்காடும் உள்ள கடலோரத்து இரவில்கூட 79க்கு மேல் நிற்கும். நமது கலப்பின மாடுகளுக்கு நாட்டு இரத்தம் கொஞ்சம் தாங்கும் சக்தி தருகிறது என்றாலும், ஆண்டின் பெரும்பகுதியை அவை அயர்ச்சியில்தான் கழிக்கின்றன. மாட்டின் விலா ஏறி இறங்குவதை எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு 60க்கு மேல் போனால் அயர்ச்சி தொடங்கிவிட்டது. 80ஐத் தாண்டினால் கடுமை. வாயைத் திறந்து நாக்கை நீட்டி எச்சில் வடித்தால் உடனே நீர் ஊற்ற வேண்டிய நிலை. அயர்ச்சியுள்ள மாடு உடம்பில் காற்றுப் பட வேண்டும் என்று படுக்காமல் நிற்கும், தீவனத்தைக் குறைக்கும், சினைப் பருவ அறிகுறிகளை மங்கலாகக் காட்டும், கருத்தரித்தாலும் கரு தங்காமல் போகலாம். நீங்கள் சொன்ன பால் குறைவும் சினைப் பிடிக்காமையும் இந்த ஒரே வேரிலிருந்து வருபவைதான்.

தகரக் கூரைதான் இங்கே முதல் எதிரி. மதியம் கூரைக்கு அடியில் நின்று கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள், அனல் உள்ளங்கையில் அடிக்கும். மாடு அதை முதுகு முழுவதும் வாங்கிக்கொள்கிறது. கூரையின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது மிக மலிவான முதல் வேலை. தென்னங்கீற்றைத் தகரத்தின் மேல் வேய்ந்தால் இன்னும் நல்லது, ஆனால் மின்கம்பி கீற்றில் உரசாமல் குழாய்க்குள் போகட்டும். கோடையில் கொட்டகை தீப்பற்றினால் கட்டிய மாடுகள் தப்பாது. மேற்குப் பக்கம் புங்கனோ வேம்போ வைத்துவிடுங்கள். திருட்டுக்குப் பயந்து சுவரை ஆளுயரத்துக்கு எழுப்பியிருந்தால், நான்கடிக்கு மேல் உள்ளதை இடித்துக் கம்பி வலை போடுங்கள்; ஐப்பசி, கார்த்திகை சாரலுக்கு மட்டும் படுதா இறக்கிக்கொள்ளலாம். இதெல்லாம் முடிந்த பிறகுதான் மின்விசிறி. பனிபோல் தெளிக்கும் குழாயைக் காற்றோட்டம் இல்லாத கொட்டகையில் போடாதீர்கள். ஈரப்பதம் ஏறி மாடு வேர்த்தும் பயனில்லாமல் போகும், படுக்கையும் நனையும். தோல் வரை நனையும்படி பெரிய துளிகளாக ஓரிரு நிமிடம் முதுகில் நீர் விட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, மறுபடி நனைப்பதே சரியான முறை. அதையும் படுக்குமிடத்தில் செய்யாமல், தீவனம் தின்னும் நேரத்தில் முதுகில் மட்டும் படும்படி செய்யுங்கள். கோடையில் தீவனத்தின் பெரும்பங்கை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பின்னும் கொடுங்கள். தின்ற தீவனம் வயிற்றில் நொதிக்கும்போது எழும் சூடு உச்சி வெயிலோடு சேராமல் இருக்கும்.

குளம்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது மாதம் ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் வளர்கிறது; நடக்காத மாட்டுக்குத் தேயாது. ஆண்டுக்கு இரண்டு முறை, பழகிய ஆளைக் கொண்டு சீவிவிடுங்கள். உடம்பை நாள்தோறும் ஒரு முரட்டு நார்த் தூரிகையால் தேய்த்துவிடுவதும் கட்டுத்தறி மாட்டுக்குப் பெரிய ஆறுதல், ஏனென்றால் மரத்தில் உரசவும் வால் பக்கத்தை நக்கவும் அதற்கு வழியில்லை.

இத்தனையும் செய்த பிறகும் ஒன்று மிச்சமிருக்கிறது: அந்த மாடு இன்னும் கட்டப்பட்டே இருக்கிறது. இங்கிலாந்தில் 1965இல், பண்ணை விலங்குகளின் நலனை ஆராய அரசு அமைத்த பிராம்பெல் குழு, பண்ணை விலங்கு எதுவானாலும் எழவும் படுக்கவும் திரும்பவும் தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளவும் கால் நீட்டவும் அதற்கு இடம் இருக்க வேண்டும் என்று சொன்னது. நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும், நியாயமற்ற அளவுக்குக் குட்டையான கயிற்றில் நியாயமற்ற நேரம் கட்டி வைப்பதைக் குற்றமாகவே வைத்திருக்கிறது. உங்கள் கொட்டகையை ஒட்டி ஐந்து சென்ட் காலி இடம் இருந்தால் அதைக் கம்பி வேலி போட்டு வளைத்துவிடுங்கள். மாட்டுக்குக் கூரைக்கு அடியில் 3.5 சதுர மீட்டரும் திறந்த வெளியில் 7 சதுர மீட்டரும் என்பது நம் நாட்டில் வழக்கமாகச் சொல்லும் அளவு. எட்டு மாட்டுக்குத் திறந்தவெளி 56 சதுர மீட்டர்தான் ஆகிறது, ஒன்றரை சென்டுக்கும் குறைவு. மண் தரையும் நடுவில் ஒரு மர நிழலும் தண்ணீர்த் தொட்டியும் இருந்தால், கறக்கும் நேரமும் அடர்தீவன நேரமும் போக மற்ற நேரமெல்லாம் அவை அவிழ்த்துவிட்டபடியே இருக்கலாம். சினைப் பருவத்தில் ஒன்றன்மேல் ஒன்று தாவுவதும் அப்போதுதான் கண்ணில் படும். கட்டுத்தறியில் தவறிப்போகும் பருவங்கள் பல. கன்று ஈனப் போகும் மாட்டையும் கடைசி இரண்டு மூன்று வாரம் அங்கே தனியாகத் தடுத்து விடலாம்.

முதல் நாள் எல்லாவற்றையும் ஒன்றாக அவிழ்த்துவிடாதீர்கள். கட்டுத்தறியில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பழகிய இரண்டிரண்டு மாடுகளாக, வெயில் தணிந்த பின், வயிறு நிறையத் தின்ற நேரம் பார்த்து விடுங்கள். இரண்டு மூன்று நாள் முட்டிக்கொள்ளும். யார் பெரியவள் என்று முடிவானதும் அடங்கிவிடும். கொம்புள்ள மாட்டைக் கடைசியாக விடுங்கள். தண்ணீரை ஒரே மூலையில் வைக்காமல் எதிரெதிராக இரண்டு இடத்தில் வையுங்கள். இல்லையென்றால் அடங்கிப் போகும் மாடு தாகத்தோடு ஒதுங்கியே நிற்கும்.